மரத்தடியில் ஒருவன்

ஆபீஸ் வேலை போக மிஞ்சிய நேரமெல்லாம் ஒரு புரோகிராமர் பழைய கணினிப் போர் விளையாட்டு ஒன்றை பிரவுசரில் ஓடும்படி திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். எட்டு மாதத்தில் முதுகு ஒடிந்ததுதான் மிச்சம்.

அன்று காலை விளையாட்டுக்குள் மரம் வெட்டப் பன்னிரண்டு வேலையாட்களை இறக்கினார். திரையில் பதிமூன்று பேர் இருந்தார்கள். ஒருவன் மட்டும் கோடாலியைக் கீழே வைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். உட்காரும் உருவத்தை அவர் வரையவே இல்லை.

நிரலை வரிவரியாகத் துழாவினார். பன்னிரண்டு என்றுதான் இருந்தது. அவனை அழித்துவிட்டு மறுபடி ஓடவிட்டார். அதே மரத்தடியில் உட்கார்ந்திருந்தான்.

டீ கொண்டுவந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க இது?"

"தெரியல. என்ன பண்ணாலும் எந்திரிக்க மாட்டேங்கிறான்."

"பாவம், அவனாவது உக்காரட்டும். நீங்களும் கொஞ்சம் கண்ண மூடினா என்ன?"

"இத முடிச்சிட்டு வரேன்."

மதியத்துக்குள் மற்ற பன்னிரண்டு பேரும் ஒவ்வொருவராகக் கோடாலியைப் போட்டுவிட்டு அவனருகே போய் உட்கார்ந்தார்கள். அவர் எந்த விசையையும் தொடவில்லை. அவருக்குப் பயமாக இல்லை, பொறாமையாக இருந்தது.

அப்போது முதலில் உட்கார்ந்தவன் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான். பிறகு கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டான்.