மூன்று மில்லி

உலகத்தில் இதுவரை வழி தவறாதவை இரண்டு. ஒன்று சூரியன், இன்னொன்று டாக்டர் ஹேமநாதனின் ஊசி. இதைச் சொன்னவர் டாக்டர் ஹேமநாதன்.

ஆவடியில் ஒரு நர்சிங் ஹோம். வலி தெரியாத பிரசவத்துக்காக முதுகில் மெல்லிய குழாயைச் செருகி ஒட்டி முடித்தவர், முழு மருந்தையும் பெரிய சிரிஞ்சில் எடுத்தார்.

“சார், முதல்ல மூணு மில்லி டெஸ்ட் டோஸ்,” என்றாள் தேன்மொழி. அதே பிரசவ அறையில் ஒன்பது வருட நர்ஸ்.

“அதெல்லாம் கை நடுங்குறவனுக்கும்மா.”

“குழாய் ரத்தக்குழாய்க்குள்ள பூந்திருந்தா?”

“என் ஊசிக்கு வழி தெரியும்.”

தேன்மொழி பல்லைக் கடித்தாள். நெற்றி வியர்த்தது. ஒரு நிமிடம் பேச்சே இல்லை. பிறகு பெருமூச்சு விட்டாள்.

“தண்டுவடத் தண்ணில பூந்திருந்தா, மொத்த மருந்துக்கு மூச்சே நின்னுடும் சார். மூணு மில்லி போட்டு அஞ்சு நிமிஷம் பாருங்க. இல்லாங்காட்டி, டெஸ்ட் வேணாம்னு எழுதிக் கையெழுத்து போடுங்க.”

“எனக்கே பாடமா? இவ்ளோ கோவம் ஆகாது சிஸ்டர்.”

“கோவம் இல்ல சார், வலி. நீங்க குழாய் ஒட்டிகீறது என் முதுகுல.”

டாக்டர் பெரிய சிரிஞ்சைத் தட்டில் வைத்தார். சின்னதில் மூன்று மில்லி எடுத்து மெதுவாகச் செலுத்தினார்.

“காதுல இரைச்சல் கேக்குதா? காலை அசைம்மா.”

ஐந்து நிமிடம் முடிந்தது. யாரும் கேட்காமலே இன்னொரு நிமிடம் காத்திருந்தார்.