பதினோரு சொடுக்கு

நான்கு பட்டைகளால் தரையோடு கட்டப்பட்ட கார், சக்தியை அளக்கும் உருளைகளின் மேல் நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. ஓர் அங்குலம்கூட நகரவில்லை. என்ஜினின் சக்தி திரையில் சிவப்புக் கோடாக ஏறி முடிந்தது. பிறகு பட்டறை முதலாளி தாமோதரன் காரில் மடிக்கணினியைச் செருகினார், ஏதோ தட்டினார், எடுத்தார். காருக்குள் எதுவும் மாறவில்லை என்பது அவருக்கும் பட்டறையில் வேலை செய்யும் பூரணிக்கும் மட்டும்தான் தெரியும்.

முதல் ஓட்டத்துக்குப் பட்டைகளை நன்றாக இறுக்கச் சொன்னவரும் அவர்தான். இறுக்கினால் டயர் நசுங்கிச் சக்தியைத் தின்னும். தளர்த்தினால் திரையில் சக்தியின் எண் தானாக ஏறும். அந்த ஏற்றத்தைக் காட்டி, என்ஜினின் சக்தியைக் கூட்டும் டியூனிங் முடிந்தது என்று வாடிக்கையாளரிடம் சொல்வார்.

"இந்தத் தடவ லூசா உடு கண்ணு," என்று அவள் காதருகே குனிந்தார். "எண்ணு ஏறலைன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்."

பூரணி மண்டியிட்டுப் பட்டையைத் தளர்த்தி, அதை இறுக்கும் கைப்பிடியை மறுபடி இழுத்தாள். முதல் தடவை ஒவ்வொரு பட்டைக்கும் பதினோரு சொடுக்கு, எண்ணி வைத்திருந்தாள். ஏழாவது சொடுக்கில் தாமோதரன் இருமினார். எட்டு. ஒன்பது. "போதும் பூரணி." பத்து. பதினொன்று. அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தாள்.

கார் மறுபடி ஓடி அடங்கியது. கார்க்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையருகே வந்தார்.

"ஏம்மா, ஒரு கோடுதான தெரியுது?"

வாடிக்கையாளர் யாரிடமும் அதுவரை பேசியிராத பூரணி எழுந்து நின்றாள்.

"ரெண்டு இருக்குதுங்க," என்றாள். "ஒண்ணு மேல ஒண்ணு."