குவிமாடத்தின் கீழே

பழைய நீதிமன்றத்தின் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்த இன்ஜினியர் உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன கட்டடம் மச்சான் இது? கம்பி இல்ல, சிமெண்ட் இல்ல. வெறும் செங்கல்லும் சுண்ணாம்பும்!"

"சுல்தான் காலத்துலேருந்து நிக்குதே மாமா," என்றான் கூட வந்திருந்த அவர் மனைவியின் தம்பி.

"யாரு செஞ்ச புண்ணியமோ, நிக்குது! சுவரு பூரா நட்சத்திரம் நட்சத்திரமா செதுக்கி நேரத்தை வீணடிச்சிருக்கான். ஜன்னலுக்குக் கண்ணாடி போடாம கல்லைச் சல்லடையா துளைச்சு வச்சிருக்கான். எங்கிட்ட குடுத்திருந்தா ஆறே மாசத்துல முடிச்சு சாவியைக் கையில குடுத்திருப்பேன்."

"உங்க வேகம் ஊருக்கே தெரியுமே மாமா."

அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு காலரைச் சரிசெய்துகொண்டார். கட்டடத்தைப் பழுதுபார்க்க வந்த நிபுணர் என்று நினைத்து, வராந்தாவில் நின்ற வக்கீல் ஒருவர் வணக்கம்கூட வைத்தார்.

உள்ளேயிருந்து டவாலி குரல் கொடுத்தார்.

"முதல் மழையிலயே இடிஞ்ச ஸ்கூல் கட்டடக் கேஸ்! கட்டின இன்ஜினியர் வந்தாச்சா?"

இன்ஜினியர் போய்க் குற்றவாளிக் கூண்டில் ஏறினார். விடுமுறை நாளாக இருந்ததால்தான் பிள்ளைகள் தப்பினார்கள் என்று அரசு வக்கீல் ஆரம்பித்ததும், இந்தக் கூரையாவது இப்போது தன் தலையில் விழுந்து தொலைக்காதா என்று ஏக்கத்தோடு மேலே பார்த்தார்.

அதில் ஒரு கீறல்கூட இல்லை.