சொல்லிக்கொண்டு வந்த இடம்

செண்பகத்தின் புருஷன் தில்லைநாயகம் நிலாவில் மூன்று நாள் தங்கியவர். கிளம்புகிற அன்று, விண்கலத்தின் ஏணியில் ஏறும்போது திரும்பிப் பார்த்து, "போயிட்டு வர்றேன்" என்றார். "யார்கிட்ட சொன்னீங்க?" என்று பூமியிலிருந்து கேட்டார்கள். வாய்ப்பழக்கம் என்றார். வானொலியில் கேட்ட ஊரெல்லாம் சிரித்தது. அதற்குப் பிறகு அங்கே யாரையும் அனுப்பவில்லை, திட்டத்தையே மூடிவிட்டார்கள்.

வீடு திரும்பியதிலிருந்து அவர் எங்கே கிளம்பினாலும் செருப்பை மாட்டிக்கொண்டு பேசாமல் படியிறங்கிவிடுவார். செண்பகத்துக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்னங்க? இது என்ன துக்க வீடா?"

"ஒரு இடத்துல சொல்லிட்டு வந்திருக்கேன். அங்க போகாம உன்கிட்ட எந்த வாயால சொல்றது?"

முப்பது வருஷம் இப்படியே போயிற்று. ஒரு நாள் காலை, வெயில் ஏறிய பிறகும் எதிர்வீட்டு மாடிக்கு மேலே நிலா வெளுத்துப்போய் நின்றிருந்தது. பேப்பர் வாங்கக் கிளம்பியவர் செருப்பை மாட்டினார். படியிறங்கவில்லை. திரும்பி அவளைப் பார்த்தார்.

"செண்பகம், போயிட்டு வர்றேன்."

அவள் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.