பிழை பிசகாமல்

கணவர் சவுந்தரநாயகத்தைப் போலப் பிழையாக எழுதப் பழக றோஸிக்கு ஒரு கிழமை பிடித்தது.

கணினியில் ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழ் வரும். ஷிஃப்டை அமத்திக்கொண்டு தட்டினால் 'ள', அமத்தாவிட்டால் 'ல'. சவுந்தரநாயகம் ஷிஃப்டைத் தொட்டதே கிடையாது. அவருக்கு வெள்ளவத்தை எப்போதும் 'வெல்லவத்தை'. பிள்ளை, 'பில்லை'.

"றோஸியக்கா, 'ள' விழுந்திருக்கு. அழிங்க!" பக்கத்து வீட்டுப் பர்ஸானா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "அங்கிளுக்கு இவ்வளவு நல்ல தமிழ் வராது."

றோஸி அழித்துவிட்டு 'ல' போட்டாள்.

"மௌத்தான மனிசன்ட பேர்ல எழுதுறது பொலிஸ் கேஸ், தெரியுமா?"

"பிடிச்சுக்கொண்டு போகட்டும். கிருபாகரனுக்கு மட்டும் தெரியக் கூடாது."

கிருபாகரன் கனடாவில் இருக்கும் ஒரே மகன். அப்பாவுக்குக் காது மந்தமான பிறகு இருவருக்கும் கணினியில்தான் பேச்சு. அப்பாவைப் பொரளையில் அடக்கம் செய்தது கொட்டாஞ்சேனை முழுக்கத் தெரியும். அவனுக்கும் மருமகள் யதுஷாவுக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதில் றோஸி கைதேர்ந்துவிட்டாள். இருமல் மருந்து குடித்ததாகக்கூட அவர் பெயரில் எழுதியிருந்தாள்.

"எத்தின நாளைக்கு ஏமாத்துவீங்க?"

"நாளைக்கு ஒப்பரேசன். அது முடியுமட்டும். அவன்ட இருதயம் இதைத் தாங்காது, பர்ஸானா."

அடுத்த நாள் முழுவதும் ஒரு சத்தமும் இல்லை. அதற்கடுத்த நாள் காலையில் கணினி 'டிங்' என்றது. பர்ஸானா அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

றோஸி உரக்க வாசித்தாள்.

"அப்பா, ஒப்பரேசன் நல்லபடியா முடிஞ்சுது. எழும்பி இருந்து நானே என்ட கையால ரைப் பண்ணுறன். பயப்படாதேங்கோ."

"அல்ஹம்துலில்லாஹ்!" பர்ஸானா கையைத் தட்டினாள். "நீங்க பெரிய கள்ளி, அக்கா! பெத்த புள்ளைக்கே கடைசி வரைக்கும் விளங்கல்லையே!"

றோஸி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் உரக்க வாசிக்காமல் விட்ட வரி ஒன்று கீழே இருந்தது.

"மாமியை இனி அழ வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, அப்பா."

றோஸியை மாமி என்று கூப்பிடுவது உலகத்திலேயே ஒருத்திதான்: யதுஷா.