விழிக்கும் நேரம்

அவள் குமட்டலை அடக்கிக்கொண்டு நின்றாள்.

ஆறு ஊதா நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் ஒதுங்கிய நுரை வெயிலில் காய்ந்து தோல்போல் கிடந்தது. அழுகிய முட்டையும் சாயமும் கலந்த வாடை. வாயைத் திறந்தால் நாக்கில் ஒட்டியது.

கையிலிருந்த போனில் எல்லாம் பச்சை. நீர் சுத்தம் என்றது.

பெட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன.

சாயப்பட்டறைகளின் குழாயிலிருந்து பாலம் வரைக்கும், ஆற்றுக்குள் கம்பம் நட்டு வரிசையாக வைத்த பெட்டிகள். ஒவ்வொன்றும் நீரை அளந்து அடுத்ததிடம் சொல்லும். அது அதற்கடுத்ததிடம் சொல்லும். அப்படியே பாலத்துக்கு வந்து, அங்கிருந்து ஊரே பார்க்கிற இணையப் பக்கத்துக்குப் போகும்.

சின்ன பேட்டரிதான். எந்நேரமும் விழித்திருந்தால் இரண்டொரு நாளில் தீர்ந்துவிடும். அதனால் எல்லாம் சேர்ந்து தூங்கி, சேர்ந்து விழிக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாக விழித்தால் அது சொல்வதைக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்த நேரங்களை வகுத்தது அவள்தான். யாரும் ஊகித்துவிடக் கூடாதென்று தினமும் மாற்றி மாற்றி வைத்திருந்தாள். அடுத்த விழிப்பு எப்போது என்பது அவளுக்கும், பெட்டிகளை வைத்த நிறுவனத்தை நடத்தும் ராஜகணபதிக்கும் மட்டுமே தெரியும்.

கரையில் தக்காளி போடுகிற துளசிமணி பலமுறை போன் செய்திருந்தாள். உங்கள் பெட்டி பொய் சொல்கிறது என்று. எண்களில் தவறில்லையே என்று ஒவ்வொரு முறையும் பதில் சொன்ன இவள், இன்று பஸ் ஏறி வந்துவிட்டாள்.

துளசிமணி பக்கத்தில் நின்றாள். மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை.

"கொஞ்சம் பொறுங்க அம்மிணி. குழாய்கிட்ட ஆள் வந்துட்டான், இப்ப நின்னு போயிரும் பாருங்க."

நின்றது.

பட்டறைப் பக்கம் பம்பு ஓசை அடங்கியது. வேறொரு குழாயைத் திறந்துவிட்டார்கள். நல்ல தண்ணீர். ஊதா மெல்ல வெளுத்தது. கலங்கியது. பிறகு, தண்ணீர் என்று சொல்லும்படி ஆனது.

அப்போதுதான் பெட்டிகள் விழித்தன. ஒவ்வொன்றிலும் சின்ன விளக்கு மினுங்கி அணைந்தது.

போனில் மறுபடி பச்சை.

பம்பு ஓடத் தொடங்கியது.

விழிக்கும் நேரத்தைப் பட்டறைக்குச் சொன்னது நீங்களா என்று ராஜகணபதியை அழைத்துக் கேட்டாள். அவர் மறுக்கவில்லை. எதையோ மென்றுகொண்டே பேசினார். பட்டறைக்காரர்கள் நமக்கு வேண்டியவர்கள் என்றார். பக்கத்து மாவட்டத்து ஆற்றை அளக்கிற வேலையும் நமக்குத்தான் வரப்போகிறது என்றார்.

"அளக்கறப்ப சுத்தமா இருக்குதில்லம்மா? அப்புறம் என்ன?"

மெல்லும் சத்தம் காதுக்குள் கேட்டது.

போனை அணைத்தாள். ஓரமாகப் போய்க் குனிந்தாள். காலையில் சாப்பிட்டதெல்லாம் வந்தது.

துளசிமணி முதுகைத் தடவிவிட்டாள். "எங்களுக்குப் பழகிப்போச்சுங்க."

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

பாலத்தடிக்கு நடந்தாள். கடைசிப் பெட்டியோடு லேப்டாப்பை இணைத்தாள். அனுப்ப வேண்டியது ஒரே ஒரு கட்டளை. ஆனால் தூங்குகிறவற்றின் காதில் அது விழாது. எல்லாம் விழிக்கும் அந்தச் சில நொடிகளில் போய்ச் சேர வேண்டும்.

உட்கார்ந்து காத்திருந்தாள். துளசிமணியும் உட்கார்ந்தாள்.

ஊதா போய்க்கொண்டே இருந்தது. செத்த மீன் ஒன்று வயிற்றைக் காட்டியபடி போயிற்று.

பம்பு நின்றது. நல்ல தண்ணீர் வந்தது.

விளக்குகள் மினுங்கின.

அழுத்தினாள்.

தூங்காதே.

இம்முறை விளக்குகள் அணையவில்லை. பாலத்திலிருந்து பட்டறை வரை, ஆறு நெடுக.

கொஞ்ச நேரத்தில் பம்பு ஓடத் தொடங்கியது. பெட்டிகள் தூங்கிவிட்டன என்ற தைரியம்.

குழாயடிப் பெட்டி சிவப்புக் காட்டியது. பிறகு அதற்கடுத்தது. அதற்கடுத்தது. சாயம் வருகிற வேகத்திலேயே சிவப்பும் வந்தது. இணையப் பக்கத்தில் பச்சை என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை.

போன் அடித்தது. ராஜகணபதி இப்போது எதையும் மெல்லவில்லை. எல்லாப் பெட்டியும் செத்துவிடும், அது தெரியுமா என்று கேட்டார். இந்த நிமிடமே தூங்க வைக்கச் சொன்னார். உன்னால் முடியாதென்றால் வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார்.

"முடியும் சார். செய்ய மாட்டேன்."

இதுகள் எவ்வளவு நாள் முழித்திருக்கும் என்று துளசிமணி கேட்டாள். பேட்டரி இருக்கிற வரைக்கும் என்றாள். துளசிமணி ஆற்றைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அவள் லேப்டாப்பை மூடி வைத்தாள், தன் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டு ஆற்றில் இறங்கினாள். சாட்சிக்கென்று முழுக்க மொண்டு இறுக மூடினாள். மேலே ஏறியபோது கை மணிக்கட்டு வரை ஊதாவாகியிருந்தது. துணியில் துடைத்தாள். போகவில்லை.

"துடைக்காதீங்க. அரிப்பெடுக்கும்."

துளசிமணி எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

ஆறு இருகரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

கை கழுவத் தண்ணீர் எடுத்துவர, துளசிமணி வீட்டுக்கு நடந்தாள்.