மூன்று மீட்டர்

"முடியாது மகளே. அந்தக் காந்தப் பாயில படுக்க மாட்டேன்னா மாட்டேன்."

இன்ஸாஃப் கைத்தடியை மடியில் குறுக்கே போட்டுக்கொண்டு உறுதியாகச் சொன்னாள். எகிப்தின் தன்தா நகர ஆஸ்பத்திரியில் டாக்டர் மைசா அவளிடம் மல்லுக்கட்டுவது இது மூன்றாவது முறை. எழுபத்தோரு வயது. எக்ஸ்ரேயில் முதுகெலும்பு இரண்டு இடத்தில் நொறுங்கிக் கிடந்தது. ஒன்று வெறும் தும்மலில் போனது. இன்னொரு தடவை விழுந்தால் இடுப்பு போய்விடும். ஊசி போட்டாகிறது. அந்தப் பாயில் படுத்து வலியும் குறைந்தால்தான் நாலு எட்டு நடப்பாள் என்று மைசாவுக்குக் கவலை.

"ஷாக் அடிக்காது ஹாஜ்ஜா. சூடுகூடத் தெரியாது. வீட்டுக்கே கொடுத்தனுப்புறோம்."

"ஷாக்குக்கு யார் பயந்தா? ஆறு பெத்தவ நான்."

"புத்துநோய் வரும்னு யாராவது கிளப்பி விட்டாங்களா?"

"ரொட்டிக்கடை வரிசையில எவளோ உளறினா. அதை விடுங்க. இதயத்தை என்ன பண்ணும், அதைச் சொல்லுங்க."

"உங்க இதயம் குதிரை மாதிரி ஓடுது."

"என் இதயத்தை யார் கேட்டா?" இன்ஸாஃப் குரலைத் தாழ்த்தினாள். "நெஞ்சுக்குள்ள பேட்டரி வச்சவங்க பக்கத்துல படுத்திருந்தா?"

மைசா பேனாவை வைத்துவிட்டாள். "பேஸ்மேக்கரா? பாய் பக்கமே வரக்கூடாது. அது தடுமாறிடும். யாருக்கு?"

இன்ஸாஃப் தடியால் வாசலைக் காட்டினாள். வராந்தா பெஞ்சில் ஒல்லியான ஒரு கிழவி ஆரஞ்சு உரித்து, சுளைகளைக் கைக்குட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றைக்கூட வாயில் போடவில்லை.

"தஹிய்யாவுக்கு. ரமளானுக்கு முன்னாடி வச்சாங்க. நாங்க ஒரே கட்டில்ல படுக்கிறவங்க. பேட்டரி நின்னுடுமோன்னு அவளுக்கு நடுக்கம். என் கையை எடுத்து நெஞ்சுமேல வச்சுக்கிட்டாத்தான் தூங்குவா. அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அப்புறம் எனக்கு முதுகு எதுக்கு?"

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா அவ காதுக்குப் போகும். தன்னாலதான் நான் வைத்தியம் பண்ணிக்கலைன்னு பையைத் தூக்கிட்டு மகன் வீட்டுக்குக் கிளம்பிடுவா. அதான் பயந்தாங்கொள்ளின்னு பேர் வாங்கிட்டுத் திரியறேன்."

மைசா கருவியோடு வந்த புத்தகத்தைப் புரட்டினாள். பிறகு தஹிய்யாவுக்கு வைத்தியம் பார்த்த இதய டாக்டருக்கு போன் போட்டாள். அவர் சீட்டை எடுத்துப் பார்க்கும் வரை இன்ஸாஃபின் விரல்கள் தடியை இறுக்கிப் பிடித்திருந்தன.

மைசா போனை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"கட்டில்ல மட்டும் வேண்டாம். கூடத்துல விரிச்சுப் படுங்க. பாய் ஓடுற அந்த அரை மணி நேரம் அவங்க மூணு மீட்டர் தள்ளி இருந்தா போதுமாம். அணைச்சுட்டா அது வெறும் பாய்தான்."

"படுக்கப் போறப்போ கையைப் பிடிச்சுக்கலாமா?"

"விடிய விடியப் பிடிச்சுக்குங்க."

"அல்ஹம்துலில்லாஹ்!" இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் ஒரேயடியாக விட்டாள் இன்ஸாஃப். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. மைசாவுக்கும் தோளிலிருந்து ஏதோ இறங்கினாற்போல் இருந்தது. கருவியைக் கொடுத்தனுப்பும் படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

"அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்?"

"தஹிய்யாவை."

"உறவு? அக்கான்னு போடவா, தங்கச்சின்னு போடவா?"

"சக்களத்தின்னு போடுங்க," என்றாள் இன்ஸாஃப். "அந்த நெஞ்சு நின்னு தொலையட்டும்னு இருபது வருஷம் சாபம் விட்டவளே நான்தான்."